மூன்றாவது சரணத்தில் வலை

தேவகி மடவை மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தபோது சிவகுமார் பாடி முடித்தான். முடித்துவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் டிரம்மின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான். கல்யாணமான புதிதிலிருந்தே அவளுக்குப் பழக்கமான பார்வை அது. அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும்.

"எப்டி கீது?"

அவள் மீனைத் திருப்பிப் போட்டுச் சுரண்டினாள்.

"உண்மைய சொல்லுமே. என் மூஞ்சிக்காக சொல்லாத."

இந்த 'உண்மைய சொல்லு' என்ற பேச்சைக் கேட்டாலே தேவகிக்குப் பற்றிக்கொண்டு வரும். உண்மையைக் கேட்கிறவன் அதைத் தாங்கிக்கொள்ளவும் வேண்டாமா? போன வருஷம் எதிர்வீட்டு பிலோமினாவின் மாமனார் இறந்தபோது சிவகுமார் எழுதிய பாட்டில் 'பால் போல மனசு' என்று ஒரு வரி வந்தது. அந்த மனிதர் உயிரோடு இருந்த காலத்தில் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வரும் பெண்களின் குடத்தைக் காலால் எட்டி உதைத்தவர். அதில் இரண்டு குடம் தேவகியுடையது. அன்றைக்கும் இதே மாதிரி உட்கார்ந்துகொண்டு உண்மையைச் சொல் என்றான். சொன்னாள். அதற்குப் பிறகு பல நாள் அவளோடு பேச வேண்டியதையெல்லாம் வீட்டுப் பூனையோடு பேசிக்கொண்டிருந்தான். "சோறு வெந்துட்சானு கேளு," "துண்டு எங்கனு கேளு" என்று பூனையைத் தூது அனுப்பினான். பூனைக்கே சலித்துப்போய் பிலோமினா வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

சின்னமேட்டுக் குப்பத்தில் யார் இறந்தாலும் கருமாதி அன்று படத்திறப்புக்குப் பாட்டு சிவகுமாருடையதுதான். ஏரியில் வலை போடுவது அவனுக்குத் தொழில், பாட்டு எழுதுவது வியாதி என்பாள் தேவகி. கருமாதியில் பாடியதைப் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருக்கும் நுஃமான் பதிவு செய்து, இறந்தவர் படத்தை மேலே ஒட்டி, எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவிடுவான். நுஃமானும் அபிப்பிராயம் சொல்கிறவன்தான். ஆனால் அவன் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "மச்சான், நீட்டாத. இவ்ளோ நீட்டா இருந்தா எவனும் ஸ்டேட்டஸ்ல வெக்கமாட்டான்." செத்தவன் எத்தனை வருஷம் வாழ்ந்திருந்தாலும் நுஃமானுக்கு இரண்டு சரணம் போதும்.

நுஃமான் சொன்னால் சிவகுமாருக்குக் கோபம் வராது. சிரித்துக்கொண்டே தலையாட்டுவான். தேவகி சொன்னால்தான் பூனை, தூது எல்லாம். அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சல். சென்ற மாதம் ஒரு நாள் பொறுக்கமுடியாமல் மொத்தமாகவே சொல்லிவிட்டாள்.

"உன் பாட்டுல செத்தவங்க எல்லாம் ஒரே ஆளா இருக்கானுங்கய்யா. எல்லாருக்கும் பால் மனசு, எல்லாருக்கும் தங்க கொணம். பேர மாத்திட்டா போதும், எவனுக்கு ஓணா பாடலாம். அந்த ஆளு எப்டி நடந்தான், எப்டி திட்டுனான், அது எங்க? பாத்தத எழுதேன். ஏன் பயப்படுற?"

சிவகுமார் அன்று பூனையைத் தேடவில்லை. படகுப் பக்கம் போய்விட்டான். சொன்னது காதில் விழுந்ததா, காற்றில் போனதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் ஏழுமலை இறந்தார். சிவகுமாரின் பெரியப்பா மகள் ராஜாத்தியின் புருஷன். பக்கத்து வீடுதான், நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். விடியற்காலையில் ஏரிக்குப் போனவர், படகில் மயங்கி விழுந்திருக்கிறார். மாரடைப்பு என்றார்கள். பக்கத்து ஊர் ஓடைக்குப்பத்துக்காரர்கள்தான் பார்த்து, தங்கள் படகில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார்கள்.

இப்போது அந்த ஏழுமலைக்குத்தான் பாட்டு. தேவகி மீனைச் சுரண்டுகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தாளே தவிர, முதல் சரணத்திலேயே அவள் கை நின்றுவிட்டிருந்தது. பாட்டு நன்றாக இருந்தது. நன்றாக என்றால் சாதாரணமாக இல்லை. பால் மனசு இல்லை, தங்க குணம் இல்லை. கேரம் ஆடும்போது விரலால் காயைத் தள்ளிவிட்டு, காற்று தள்ளியது என்று சாதிக்கும் ஏழுமலை இருந்தார். டாக்டர் பீடி கூடாது என்று சொன்னதிலிருந்து பற்றவைக்காத பீடியைக் காதில் செருகிக்கொண்டு அலைந்த ஏழுமலை இருந்தார். படகு கரையை நெருங்கும்போதே "ராஜாத்தி, உல வைய்யி" என்று ஊருக்கே கேட்கும்படி கத்துகிற ஏழுமலை இருந்தார். அந்த இடத்தில் தேவகி தலையைத் திருப்பிப் பார்த்தாள். மனிதர் எழுந்து வந்து அடுப்பங்கரை வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. அடப்பாவி, என் பேச்சைக் கேட்டிருக்கிறானே என்று அவன்மேல் ஒரே பிரியமாகப் போய்விட்டது.

அப்போதுதான் மூன்றாவது சரணம் வந்தது.

*காதுல பீடி சொருகிக்கினு
கரையோரமா போனியே
தோளுல வலைய தூக்கிக்கினு
தோணி ஏறிப் போனியே
திரும்பி வருவேன்னு சொல்லாம
தூரமா நீ போனியே*

வெளியூர்க்காரன் கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்பான். மீனவன் வலையைத் தூக்கிக்கொண்டு போகாமல் வேறு எதைத் தூக்கிக்கொண்டு போவான்? ஆனால் சின்னமேட்டிலும் ஓடைக்குப்பத்திலும் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அந்த வரி நெஞ்சில் குத்தும். ஏரி கடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இறால் ஓடும் இடங்கள் சில உண்டு. அங்கே வலை கட்டுவதற்கு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் சின்னமேடு, அடுத்த நாள் ஓடைக்குப்பம். பாடு என்று அதற்குப் பெயர். ஒரு ஊர் முறையில் இன்னொரு ஊர்க்காரன் அங்கே வலையோடு நின்றால் அது திருட்டு. ஏழுமலை இறந்த அன்று ஓடைக்குப்பத்து முறை.

அன்றைக்கு ஏழுமலை நண்டுக்குத்தான் போனார் என்பது ஊர்ப்பேச்சு. இரை கட்டி இறக்கும் நண்டுக் கயிற்றுக்கு முறை கிடையாது, எவன் எந்த நாளில் வேண்டுமானாலும் போகலாம். யாரும் கூட்டம் போட்டு அப்படிப் பேசுவோம் என்று முடிவு செய்யவில்லை. பிணத்தைக் கரையில் இறக்கும்போதே யாரோ ஒருவர் "நண்டுக்குப் போனாரு பாவம்" என்று சொல்ல, எல்லோரும் "ஆமா பாவம், நண்டுக்கு" என்று பிடித்துக்கொண்டார்கள். தூக்கி வந்த ஓடைக்குப்பத்துக்காரர்களும் மறுக்கவில்லை. அதோடு நின்றது. நிற்கவும் வேண்டும். கருமாதி முடிந்ததும் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து, ஏழுமலையின் வலைப் பங்கை அவர் மகன் பிரசாந்துக்குக் கொடுப்பதா என்று பேசப்போகிறார்கள். முறை தவறியவனின் பங்கு வீட்டுக்கு வராது. பிரசாந்துக்கு அது வந்தால்தான் சோறு. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கூலிக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டால் போவான், கூப்பிடாவிட்டால் வீட்டில் குப்புறப் படுத்திருப்பான். பெண்டாட்டி சந்தியா மாசமாயிருக்கிறாள்.

"எப்டி கீதுனு கேட்டேன்," என்றான் சிவகுமார்.

"நல்லா கீது."

அவன் நம்பவில்லை. "நல்லா கீதுன்னா?"

"இதுவரிக்கும் நீ எழுதுனதுலயே இதான் பாட்டு," என்றாள். அவன் முகம் மலர்ந்தது. இருந்தும் சொன்னாள். "மூணாவதுல வலைனு வருது பாரு. அத்த எடுத்துடு."

"இன்னாத்துக்கு?"

"அன்னைக்கி யாரு மொற?"

சிவகுமார் டிரம்மின் விளிம்பை நகத்தால் கீறினான்.

"ஓடக்குப்பத்தாளுங்க எல்லாம் வந்து குந்தினு இருப்பானுங்க. மைக்கு வச்சி அவனுங்க காதுலயே பாடப்போறியா, எங்க மாமா உங்க நாள்ல வலையோட வந்தாருனு? பிரசாந்துக்கு பங்கு வரணுமா வேணாமா?"

"பாத்தத எழுதுனு நீதான சொன்ன."

"சொன்னேன்."

"நான் பாத்தேன்மே." அவன் குரல் இறங்கியது. "கரையில படகு கழுவினு இருந்தேன். தோள்ல வலையோட வந்தாரு. காதுல பீடி. என்ன பாத்து சிரிச்சாரு. 'கண்டுக்காதடா, நேத்தெல்லாம் எறா ஓட்டம் எப்டி தெரியுமா'ன்னாரு. அதான் அவரு என்னாண்ட கடைசியா பேசுனது. அத்த வுட்டுட்டு இன்னாத்த எழுத சொல்ற?"

இதை அவன் இதுவரை அவளிடம் சொன்னதில்லை. தேவகி கத்தியைக் கீழே வைத்தாள். அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. இத்தனை வருஷமாக இந்த மனிதனை நெருக்கி நெருக்கி, பொய் எழுதாதே, பொய் எழுதாதே என்று உயிரை வாங்கினாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் நிஜத்தை எழுதியிருக்கிறான். அது இந்த வரியாகத்தானா இருக்க வேண்டும்? வேறு எவன் செத்தபோதாவது இந்தப் புத்தி வந்திருக்கக்கூடாதா?

"எடுத்துடுய்யா," என்றாள்.

சிவகுமார் எழுந்துவிட்டான். "பொய் எழுதுனா பொய்யின்ற. உண்மைய எழுதுனா உண்மையின்ற. உனக்கு இன்னாதான்மே ஓணும்?" சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை உதைத்தான். அது கிளம்பவில்லை. மறுபடி மறுபடி உதைத்துப் பார்த்துவிட்டு நடந்தே போனான். பூனை வேறு வீட்டில் இருந்ததால் திட்டக்கூட ஆளில்லை.

அடுத்த நாள் சாயந்திரம் திரும்பவும் டிரம்மோடு வந்து உட்கார்ந்தான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு பாடினான். 'தோளுல வலைய தூக்கிக்கினு' என்ற இடத்தில் 'கையில நண்டுக் கயித்தோட' என்று வந்தது. சொல் தாளத்தில் உட்காரவில்லை. நுஃமானும் அதையேதான் சொன்னானாம். "இவ்ளோ நாள் நீட்டாதனு சொன்னேன், கேக்கல. இப்ப நல்லா இருந்தத எவன் மச்சான் மாத்த சொன்னான்?" என்று கேட்டிருக்கிறான். சிவகுமார் காரணம் சொல்லவில்லை. நுஃமானுக்கு ஏரி முறையெல்லாம் தெரியாது என்றில்லை, தெரியும். தெரிந்தவர்கள் கூடக்கூட விஷயம் பெரிதாகும் என்று வாயை மூடிக்கொண்டான்.

"எப்டி கீது?" என்றான் சுவரைப் பார்த்து.

"சரியா கீது."

"சரியா கீதானு கேக்கல. நல்லா கீதானு கேட்டேன்."

தேவகி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். என்ன சொல்வாள்? பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது என்றா? அவள் வாயால்தானே அந்தப் பல்லைப் பிடுங்கினாள்.

கருமாதி அன்று காலையிலிருந்தே ஏரிக்காற்று பந்தலைப் பிய்த்தது. நடுவில் ஏழுமலையின் படம், மாலை போட்டு, கீழே அவர் பேரும் தேதியும். படத்தில் அவர் கோட்டு போட்டிருந்தார். ஸ்டூடியோக்காரன் மாட்டிவிட்ட கோட்டு. ராஜாத்தி, அண்ணன் வீட்டார் போட்ட கோடிப் புடவையில், வீட்டு நிலைக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தாள். சடங்குகள் முடிந்து, சாப்பாட்டுக்கு முன் பாட்டு என்று ஏற்பாடு. ஓடைக்குப்பத்திலிருந்து ஒரு படகு நிறைய ஆள் வந்திருந்தார்கள். அவர்கள் ஊர்ப் பெரியவர் தங்கவேல் முன்வரிசை நாற்காலியில், துண்டை மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முறை தவறியவனைப் பேர் சொல்லி எழுப்பி நிற்கவைத்துக் கேட்கிற ஆள் அவர். அவர் முகத்தில் எதுவும் படிக்கமுடியாது. பிரசாந்தின் பங்கு பற்றிப் பேச உட்காரும்போதும் அந்த முகம்தான் முன்வரிசையில் இருக்கும்.

சிவகுமார் பாடினான். கேரமுக்குச் சிரித்தார்கள். 'உல வைய்யி'க்குப் பெண்கள் பக்கமிருந்து அழுகை வெடித்தது. மூன்றாவது சரணம் நெருங்க நெருங்க தேவகி தன் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி விரல் மரத்துப்போனது. 'கையில நண்டுக் கயித்தோட' வந்தது, ஒரு தட்டுத் தட்டியது, போனது. பாட்டு முடிந்தது. தேவகி மூச்சை விட்டாள். தப்பித்தோம், இலை போடச் சொல்லலாம் என்று திரும்பினாள்.

"தம்பி." தங்கவேல் குரல். "பாட்டு யாரு எழுதுனது?"

"நான்தாங்க."

"நல்லா இருந்திச்சி. ஏழுமலைய கூட்டியாந்து நிறுத்திட்ட." அவர் துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார். "ஒரு எடம் மட்டும் சரியில்ல."

சின்னமேட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

"நண்டுக் கயிறுன்னு வருது. ஏழுமல கையில நான் நண்டுக் கயிற பாத்ததே இல்ல. நண்டு கடிக்கும்னு பயப்படுவான் அவன். சின்ன வயசுல என்னோட ஏரியில எறங்கனவன், எனக்கு தெரியாதா? மத்த எல்லாம் அவனா இருக்கு. அந்த எடத்துல மட்டும் வேற எவனோ வந்துட்டான்." கொஞ்சம் நிறுத்தினார். "நாங்கதான் அவன தூக்கினோம் தம்பி. எங்க இருந்து தூக்கினோம்னு எங்களுக்கு தெரியும். அத்த மாத்தி பாடு."

இது என்ன பேச்சு? மனிதர் உண்மையிலேயே பாட்டைத்தான் சொல்கிறாரா, இல்லை ஊர்முன்னால் எங்கள் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் சொல்கிறாரா? நாளைக்குப் பங்கு பேசும்போது 'நீங்களே மைக்கில் பாடினீர்களே' என்று கேட்கத்தானா? அவள் தங்கவேலின் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தாள். எத்தனை பாட்டில் எத்தனை ஓட்டை கண்டுபிடித்தவள், இந்த முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளுக்கு அழுகையாக வந்தது. பாட்டில் குறை சொல்வதற்கு இந்த மனிதருக்கு இன்றைக்குத்தானா நேரம் கிடைத்தது!

"அது வந்துங்க..." என்று சிவகுமார் இழுத்தான்.

"மொதல்ல எழுதுனத பாடுடா சிவா."

ராஜாத்தி நிலைக்கு வெளியே வந்து நின்றிருந்தாள். பிரசாந்த் "அம்மா" என்று பதறி எழுந்தான். அவள் அவனைக் கையால் அமர்த்தினாள்.

"அண்ணி, சும்மா இருங்க," என்று தேவகி ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தாள். "அவரு மாத்தி எழுதல. ஒரே பாட்டுதான்."

"பக்கத்து வூட்லதான கீறேன் தேவகி. எனக்கு இன்னா காது செத்துட்சா? மொத நாளு கேட்டேன், அழுதேன். மறுநாளு கேட்டேன், கோவம் வந்திச்சி." ராஜாத்தி ஓரடி முன்னால் வந்தாள். "போவ வேணாம்னு நானும்தான் சொன்னேன் அன்னைக்கி. கேக்கல. அப்பறம் நான்தான் வலைய எடுத்து தோள்ல வச்சேன்." அவள் தங்கவேலைப் பார்த்தாள். "கேளுங்கண்ணா. கேட்டுட்டு, பங்க குடுக்கறதோ வுடறதோ, உங்க இஷ்டம். எம் புருசன் நண்டுக்கு போவல."

பிரசாந்த் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். சந்தியா வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். சிவகுமார் டிரம்மின் மேல் கையை ஊன்றி, கூட்டத்தைத் தாண்டி, தேவகியின் முகத்தையே பார்த்தான். எப்போதும் பாடி முடித்துத்தான் அப்படிப் பார்ப்பான். இன்றைக்குப் பாடுவதற்கு முன்னாலேயே பார்க்கிறான். இதற்கும் நானா சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்ன ஜென்மமோ, ஒரு காரியத்தையும் தானாகச் செய்யமாட்டான். அவள் ராஜாத்தியின் தோளிலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவன் மூன்றாவது சரணத்திலிருந்து எடுத்தான். குரல் முதலில் கரகரத்து, பிறகு நேராகப் போனது. முன்வரிசையில் தங்கவேல் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய வலதுகை ஆட்காட்டி விரல் நாற்காலிக் கையில் தாளம் போட ஆரம்பித்தது. காதில் பீடிக்குத் தட்டியது. கரையோரத்துக்குத் தட்டியது. 'தோளுல வலைய' என்று சிவகுமார் உச்சியில் ஏறியபோது விரல் மேலே எழும்பி, அப்படியே நின்றது.

பிரசாந்தின் பங்கே அதில் தொங்குகிற மாதிரி தேவகி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. விரல் இன்னும் கீழே இறங்கவில்லை.